தும்பையும் வெளிநிலமும்

தமிழிலக்கணம் பயிலும் மாணவர் யாவரும் தும்பை என்னும் சொல்லை அறிவர். தொல்காப்பியப் புறத்திணையியலில் கூறப்பட்ட திணைகள் ஏழனுள் அஃது ஒன்று. வலிமை ஒன்றையே பொருளாகக் கருதி வந்த வேந்தனோடு மற்றொரு வேந்தன் எதிர்நின்று பொருவது அதன் இலக்கணம். அதற்குத் துறைகள் பன்னிரண்டு. அகத்திணைகளுள் நெய்தலுக்கு அது புறனாகும். இவ்வளவும் நாம் தேர்வுக்கென மனப்பாடஞ் செய்து எழுதுகின்றோம். ஆயினும், 'தும்பையாவது யாது? சென்று பறித்து வந்து காட்டுக' என்று ஆசிரியர் ஒருவர் பணிப்பாராயின், ஐயமின்றிக் காட்டவல்லார் நம் வகுப்பில் மிகச் சிலரே ஆவர். பொருளைக் காணாது பெயரை மட்டும் போற்றுதல், உறையைக் காத்து வாளைத் தொலைத்தல் போலும்.

இத்தனைக்கும் இச்செடி இமயத்தில் வளர்வதன்று. அம்பத்தூர் இருப்புப்பாதையின் ஓரத்திலும், ஆவடியில் வீடெழும்பாத மனைகளிலும், பூவிருந்தவல்லிச் சாலையின் பக்கத்துக் குப்பைமேடுகளிலும் மழை பெய்தபின் தானே முளைத்து நிற்பது. மலைமேல் அமர்ந்து போதித்த காலத்தில் நம் ஆண்டவர், காட்டில் மலரும் பூக்களை உற்றுநோக்குமாறு தம் சீடர்க்குக் கற்பித்தார். வளர்த்த தோட்டத்துப் பூவை அவர் சுட்டவில்லை; எவரும் நீர் வாராத பூவையே சுட்டினார். அத்தகைய பூவொன்றனை உற்றுநோக்குதலே இக்கட்டுரையின் கருத்து. முதற்கண் செடியின் உறுப்புகளைக் கூறி, பின்னர் அதன் பெயர் வரலாற்றையும், நூல்களில் அது பெற்ற இடத்தையும், மருந்தெனக் கருதப்படுதலையும், இறுதியாக அது வாழும் நிலத்தின் நிலைமையையும் ஆராய்வோம்.

வேரும் தண்டும் இலையும்

தும்பை ஓராண்டுச் செடி. வித்து முளைத்து, இலைவிட்டு, பூத்து, காய்த்து, உலர்ந்து முடிதலாகிய அதன் வாழ்நாள் முழுதும் ஓர் ஆண்டுக்குள் அடங்கிவிடும். கிழங்கோ, நிலத்தடியில் உறங்கும் தண்டோ அதற்கு இல்லை. பெற்றதனைத்தையும் வித்தில் வைத்துவிட்டுத் தாய்ச்செடி மடிகின்றது.

உயரம் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் ஒன்றரை முழத்துக்கும் இடைப்பட்டது. அளவுகோலாற் கூறின் 15 முதல் 60 சென்டிமீட்டர் வரை. அடியிலிருந்தே கிளைத்துப் பரவும். தண்டினை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்தால் அது உருளாது. நான்கு பட்டைகளும் நான்கு விளிம்புகளும் உடையது. அதன்மேற் சிறு மயிர்கள் விறைத்து நிற்றலால் தொடுவதற்குச் சொரசொரப்பாக இருக்கும். இலைகள் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக எதிரெதிர் நிற்பன. ஒரு கணுவின் இணை கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த கணுவின் இணை வடக்குத் தெற்காக நிற்கும். ஆதலின் மேலிலை கீழிலையின் வெயிலை மறைப்பதில்லை. இலை ஒடுங்கி நீண்டது, முனை மழுங்கியது, விளிம்பில் ஆழமில்லாத பற்கள் உடையது, காம்பு மிகக் குறுகியது. கசக்கி முகர்ந்தால் காரமான ஒரு மணம் தோன்றும்.

நான்குபட்டைத் தண்டு, எதிரிலை, கசக்கின் மணம் என்னும் இம்மூன்றும் ஒருங்கே கண்டவுடன் தாவர நூலார் அச்செடியின் குடும்பத்தை ஒருவாறு ஊகித்துவிடுவர். துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவள்ளி, புதினா ஆகிய யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் இலத்தீன் பெயர் லேமியேசி. முன்னாளில் அதனை உதடு என்னும் பொருள்பட லேபியேட்டே என்றனர். அப்பெயரின் காரணம் பூவைக் கண்டால் விளங்கும்.

பூவின் அமைப்பும் வண்டின் தொழிலும்

பூக்கள் தனித்தனியே நீண்ட காம்பில் நிற்பதில்லை. கிளையின் நுனியிலும் மேற்கணுக்களிலும் தண்டைச் சுற்றி நெருங்கிய உருண்டைக் கொத்துகளாக அமைகின்றன. கொத்தின் இடையிடையே கூரிய நுனியும் மயிரும் உடைய சிறு பூவடிச் செதில்கள் உண்டு. நாள்தோறும் ஒவ்வொரு கொத்திலும் சில பூக்களே விரிவதால், பச்சை உருண்டையில் வெண்முத்துகள் பதித்தாற்போல அது தோன்றும்.

பூ ஒன்றனை மெல்ல இழுத்தால் அல்லிவட்டம் மட்டும் கையோடு வரும். புல்லிவட்டம் செடியிலேயே நிற்கும். அப்புல்லிவட்டம் சற்றே வளைந்த ஒரு குழல். அதன் வாய் நேராக வெட்டப்பட்டதன்று, சாய்ந்தது. மேற்புறம் நீண்டும் கீழ்ப்புறம் குறுகியும் இருக்கும். விளிம்பில் முள்போன்ற சிறு பற்கள் உள்ளன. தும்பை இனத்துள் ஒன்றனை மற்றொன்றினின்று பிரித்தறிதற்கு இந்தப் புல்லிவாயின் வடிவமே சிறந்த அடையாளமாகும்.

அல்லிவட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது, தூய வெண்ணிறமானது. கீழே குழலாகவும் மேலே இரண்டு உதடுகளாகவும் பிரிந்திருக்கும். மேலுதடு சிறியது, முக்காடு போல் வளைந்து, வெண்பஞ்சு போன்ற அடர்ந்த மயிரால் மூடப்பட்டது. கீழுதடு அதனினும் ஏறத்தாழ இருமடங்கு நீண்டு, வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தொங்குவது. அதன் நடுமடல் அகன்றும் பக்கத்து மடல்கள் சிறுத்தும் உள்ளன. மேலுதட்டின் முக்காட்டினுள் மகரந்தத்தாள்கள் நான்கு மறைந்து நிற்கின்றன. இரண்டு நீண்டவை, இரண்டு குறுகியவை. அவற்றோடு சூல்தண்டின் நுனியும் அங்கேயே உள்ளது. தேன் குழலின் அடியில் ஊறுகின்றது. அத்தேனின் இனிமையைக் கிராமத்துச் சிறுவர் நன்கறிவர். பூவைப் பறித்து அடிப்புறத்தை உறிஞ்சுதல் அவர்தம் வழக்கம். குழலின் நடுவே உட்புறத்தில் மயிர்வளையம் ஒன்று வேலியிட்டாற்போல உள்ளது.

இவ்வமைப்பின் பயன் யாது? தேனீயொன்று வருகின்றது எனக் கொள்வோம். அது இறங்குதற்குக் கீழுதடு திண்ணையாக உதவுகின்றது. தேன் அடியில் இருத்தலால் அது தலையைக் குழலுக்குள் நுழைத்தல் வேண்டும். நுழைக்குங்கால் அதன் தலையும் முதுகும் மேலுதட்டின் கீழ் உள்ள மகரந்தப் பைகளிற் படும், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதே ஈ மற்றொரு பூவினுள் தலைவைக்கும்போது, அதே இடத்தில் நிற்கும் சூலகமுடியின்மீது அம்மகரந்தம் படிகின்றது. கூலி கொடுத்து ஆளனுப்பும் வணிகன் போலச் செடி தேனைக் கொடுத்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்கின்றது. மழைக்குப் பின்வரும் நாள்களில் தும்பைப் புதரின் அருகே கால்நாழிகை நின்றால், சிறு தேனீக்களும், மஞ்சளும் வெள்ளையும் நீலமுமான வண்ணத்துப்பூச்சிகளும் மாறி மாறி வருதலைக் காணலாம். இவற்றிற்குத் தும்பை ஓர் அன்னசத்திரம்.

வித்தும் காலமும்

அல்லி உதிர்ந்தபின் புல்லிக்குழலின் அடியில் நான்கு சிறு கொட்டைகள் உருவாகின்றன. சூற்பை நான்கு கூறாகப் பிளந்திருக்க, அவற்றின் நடுவே அடியிலிருந்து சூல்தண்டு எழுதல் இக்குடும்பத்தின் சிறப்பு. ஒவ்வொரு கொட்டையும் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளமும், பழுப்பு நிறமும், வழவழப்பும் உடையது. உட்பக்கம் கோணமாகவும் வெளிப்பக்கம் உருண்டையாகவும் இருக்கும். உலர்ந்த செடியைக் காற்றோ கால்நடையோ அசைக்குங்கால் அவை உதிர்கின்றன. மழைநீர் அவற்றைப் பள்ளங்களுக்குக் கொண்டு செல்கின்றது.

சென்னையின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. ஆடி, ஆவணியில் பெய்யும் மாலைமழையிலேயே தும்பை வித்துகள் சில முளைத்துவிடும். ஆயினும் பெருமழை ஓய்ந்த மார்கழியிலும் தையிலுமே மேற்குப் புறநகரின் வெளிகளில் அது மிகுந்து பூத்து நிற்கும். பங்குனி வெயிலில் தண்டு பழுப்பாகும். சித்திரையில் உலர்ந்த புல்லிக்கொத்துகள் மட்டும் எஞ்சும். நீர் தேங்கும் இடத்தில் ஆண்டு முழுதும் சில செடிகள் பூத்தலும் உண்டு. கோடையை வெல்லப் பனைக்கு ஆழ்ந்த வேரும் கள்ளிக்குத் தடித்த தண்டும் உள்ளன, தும்பைக்கு அவையில்லை. அது கோடையை வித்தாக இருந்து கடக்கின்றது. ஓராண்டுச் செடியின் உத்தி இதுவே.

பெயர் ஒன்று, செடி வேறு

பெயரொப்புமையால் மயங்குதற்கு இடமுண்டு. கவிழ்தும்பை எனப்படும் செடியும் இதே வெளிகளில் வளர்வது, அதுவும் சொரசொரப்பானது, அதன் கனியும் நான்கு சிறு கொட்டைகளாகப் பிரிவது. ஆயினும் அது தும்பையின் உறவன்று, வேறொரு குடும்பத்தது. அதன் தண்டு உருண்டையானது. பூ வெளிர்நீலமாய்த் தலைகவிழ்ந்து தொங்கும், ஐந்து மடல்களும் ஒத்தவை, உதடுகள் இல்லை, மகரந்தத்தாள்கள் நான்கல்ல, ஐந்து. பெயரிலே கூடியிருப்பன செடியிலே பிரிந்திருப்பதும், பெயரிலே பிரிந்திருப்பன செடியிலே கூடியிருப்பதும் உண்டு.

பின்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு தமிழ் மாணவர்க்கு இன்பம் தருவதாகும். மதிலைக் காப்போர் சூடும் பூ நொச்சி. அது குறுமரம், தும்பையோ சிறுபூண்டு. முன்னைத் தாவர நூலார் நொச்சியை வேறு குடும்பத்தில் வைத்தனர். கடந்த நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளின் பயனாக நொச்சியும் தேக்கும் தும்பையின் குடும்பத்திற்கே மாற்றப்பட்டன. ஆகவே, மதில்காக்கும் பூவும் களத்திற் பொரும் பூவும் இன்று ஒரு குடிப்பிறந்தவையாகக் கொள்ளப்படுகின்றன.

இலத்தீன் பெயரின் வரலாறு

தும்பையின் உலகப்பொதுப் பெயர் லூகாஸ் ஆஸ்பெரா. முன்னது வெண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பின்னது சொரசொரப்பானது என்னும் பொருளுடைய இலத்தீன்சொல். கண் கண்டதும் கை தொட்டதும் ஆகிய இரண்டையும் அப்பெயர் கூறிவிடுகின்றது. பெர்லின் நகரத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வில்டெனோ என்னும் பேரறிஞர் 1809-இல் இதனை ஃப்லோமிஸ் என்னும் பேரினத்துள் வைத்து ஆஸ்பெரா எனப் பெயரிட்டார். 1810-இல் இராபர்ட் பிரௌன் லூகாஸ் என்னும் பேரினத்தைத் தனியே வகுத்தார். வில்டெனோவுக்குப்பின் அத்தோட்டத்தின் தலைமை ஏற்ற லிங்க் என்பார் 1822-இல் தும்பையை அப்பேரினத்திற்கு மாற்றினார். அப்பெயரே இன்றும் வழங்குகின்றது.

தென்னாட்டுச் செடிகளை ஐரோப்பிய அறிஞர் அறிந்ததில் நம் நாட்டு மிஷன்களுக்குப் பங்குண்டு என்பதை இங்குக் குறித்தல் பொருந்தும். லின்னேயஸின் மாணாக்கரான கேனிக் என்பார் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் ஊட்டிய ஆர்வத்தால் அங்குள்ள மிஷனெரிமார் பலர் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கினர். உலர்த்திய செடிகளைப் பெர்லின் முதலிய நகரங்களுக்கு அனுப்பினர். வில்டெனோவும் அவற்றைப் பெற்றவருள் ஒருவர். அம்மிஷனெரிமாருள் தலைசிறந்தவர் ராட்லர் ஐயர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், பின்னர்ச் சென்னை வேப்பேரியில் ஊழியஞ் செய்து 1836-இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1834 முதல் 1841 வரை அச்சாகியது. அவர் உலர்த்திய செடிகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. சொல்லைத் தொகுத்த கையே செடியையும் தொகுத்தது. தமிழ் படிப்போர் செடியைப் பாராதிருத்தலும், செடி படிப்போர் தமிழைப் பாராதிருத்தலும் அப்பெரியார்க்கு உடன்பாடாக இருந்திரா.

அவ்வழியிற் பிற்காலத்தும் பலர் உழைத்தனர். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த மயூரநாதன் என்பார் சென்னை நகரத்தும் அதன் அண்மையிலும் உள்ள பூக்கும் செடிகளைப்பற்றி 1929-இல் ஒரு நூல் வெளியிட்டார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இரேப்பினாட் உலர்செடிச்சாலையை 1967-இல் நிறுவிய இயேசுசபைக் குரு மேத்யூ அடிகள், தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளைப்பற்றிய பெருநூலை 1981 முதல் வெளியிட்டார்.

இலக்கியத்தில் தும்பை

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தலைவியும் தோழியும் கொய்து குவித்த பூக்களை வரிசையாகக் கூறுமிடத்துத் தும்பையும் இடம்பெறுகின்றது. அங்கே தும்பையை அடுத்து நிற்பது துழாய். துழாயும் தும்பையும் ஒரு குடும்பத்தன என்பதை முன்னர்க் கண்டோம். ஓசை நயம் கருதியே புலவர் அவற்றை அடுத்தடுத்து வைத்தாராதல் கூடும். ஆயினும் இரண்டையும் கையில் வைத்து நோக்கினார்க்கு அவ்வடுத்துநிற்றல் தகுதியுடையதாகத் தோன்றும்.

இனிப் புறத்திணைக்கு வருவோம். வெட்சி ஆநிரை கவர்வோர் பூ; கரந்தை மீட்போர் பூ; உழிஞை மதில் வளைப்போர் பூ; நொச்சி காப்போர் பூ; வாகை வென்றோர் பூ. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனிப் படலங்களாக விரிக்கின்றது. இவற்றுள் தும்பைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆநிரை கவர்வோர்க்கும் மீட்போர்க்கும் பூ வேறு. மதில் வளைப்போர்க்கும் காப்போர்க்கும் பூ வேறு. களத்தில் நேர்நின்று பொரும்போதோ இருதிறத்தாரும் தும்பையே சூடுகின்றனர். ஆங்குக் கவரும் பொருளும் காக்கும் பொருளும் இல்லை. வலிமை ஒன்றே பொருள். ஆதலின் இருவர்க்கும் அடையாளம் ஒன்றே ஆயிற்று.

இத்துணை வலிமைக்கு இத்துணைச் சிறிய பூ ஏன்? பனம்பூவும் வேம்பும் ஆத்தியும் சூடிய வேந்தர், பெரும்போருக்குச் சாணளவு நிற்கும் களைச்செடியின் பூவைத் தேர்ந்தது வியப்பன்றோ?

இவ்வினாவிற்கு விடை காண, தும்பை நெய்தலுக்குப் புறனாதற்கு உரையாசிரியர் காட்டும் காரணங்களுள் ஒன்று நமக்கு வழிகாட்டுகின்றது. யானையும் தேரும் குதிரையும் காலாளும் அணிவகுத்துப் பொருதற்குக் காடு ஆகாது, மலை ஆகாது, விளைவயலும் ஆகாது. களரும் மணலுமாய்ப் பரந்த வெளிநிலமே வேண்டும். நெய்தல் நிலம் அத்தன்மையது என்பது அவர் கருத்து. இக்கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு செடியை நோக்குவோம். தும்பை எங்கே வளர்கின்றது? அடர்ந்த காட்டின் நிழலில் அது செழிப்பதில்லை, வெயில் வேண்டுவது. உழுது பயிர்செய்யும் வயலில் முளைப்பின் உழவன் களைந்தெறிவான். அறுவடைக்குப்பின் தரிசானால் மீண்டும் தலைகாட்டும். பாதையோரமும், மேய்ச்சல் வெளியும், களரும், மணற்பாங்கும், மக்கள் நடந்து மண்ணைக் கிளறிய இடமுமே அதன் வாழிடம். படைகள் எந்நிலத்திற் சந்திக்குமோ அந்நிலத்துச் செடி அது. காலடியில் நின்றதனையே வீரர் கொய்து சூடினர் என்பது எம் துணிபு.

'குறிஞ்சிப் பெண்டிரும் அதனைக் கொய்தனரே' என்று ஒருவர் மறுக்கலாம். மலைச்சாரலிலும் தினைப்புனத்தின் ஓரத்திலும் வெட்டவெளி உண்டாதலின் அது மாறுபாடன்று. 'பூவின் நிலத்தை நோக்கித் திணைக்குப் பெயரிட்டனர் என்று தொல்காப்பியர் யாண்டும் கூறிற்றிலரே' என்று மற்றொருவர் மறுக்கலாம். அதுவும் உண்மையே. அடையாளப்பூ என்பது வழக்குப்பற்றி வருவது. அதற்குக் காரணம் ஒன்றே என நிறுவுதல் இயலாது. நாம் கூறுவது, செடியின் இயல்பும் உரையாசிரியர் காட்டிய நிலமும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன என்பதே. இத்தழுவல் நூலகத்தில் மட்டும் இருந்தாருக்குத் தோன்றாது. வெளியே சென்று செடியைக் கண்டாருக்கே தோன்றும்.

பிற்காலத்தும் தும்பையின் மதிப்புக் குறையவில்லை. சிவபெருமானுக்கு உகந்த பூவென்று சைவர் அதனைச் சாத்துகின்றனர். வெளுத்த வேட்டியைத் தும்பைப்பூவுக்கு ஒப்பிடுதல் இன்றும் நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. மலையாள நாட்டில் தும்பப்பூ இல்லாமல் ஓணக்கோலம் நிறைவுறாது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊர் இச்செடியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் இசைவால் அவ்வூர் மக்கள் தங்கள் தூய மகதலேன் மரியாள் ஆலயத்தையும் நிலத்தையும் ஆராய்ச்சிக்கென விட்டுக்கொடுக்க, 1963 நவம்பர் 21-ஆம் நாள் நம் நாட்டு மண்ணினின்று முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு அங்கேதான் எழும்பிற்று.

மருந்தும் மயக்கமும்

சித்த மருத்துவத்தில் தும்பைக்கு இடமுண்டு. சளி, தலைவலி, தோற்பிணி முதலியவற்றிற்கு அதன் இலையும் பூவும் நெடுங்காலமாகக் கையாளப்படுகின்றன. கற்ற வைத்தியர் அறிவுரைப்படி அவற்றைக் கொள்வதைப்பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாம்பு கடித்தவர்க்குத் தும்பைச் சாறு கொடுத்தால் நஞ்சு இறங்கும் என்னும் நம்பிக்கை நம் புறநகர்க் கிராமங்களில் இன்றும் உள்ளது. அது உயிருக்கு உலைவைக்கும் நம்பிக்கை.

அந்நம்பிக்கை எவ்வாறு நிலைபெற்றது? நம் நாட்டுப் பாம்புகளுள் பெரும்பாலன நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சிலவேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. இவ்விருவகைக் கடியிலும் எதைக் கொடுத்தாலும் ஆள் பிழைப்பான்; கொடுத்த சாற்றுக்குப் புகழ் சேரும். உண்மையான நஞ்சுக்கடியிற் சாறு பயன்படாதபோது, 'காலங்கடந்து கொடுத்தோம்' என்று சமாதானம் சொல்லப்படும். பிழைத்தவன் சாட்சி கூறுகின்றான், இறந்தவன் கூறுவதில்லை. பிழையான முடிவு நீடித்து வாழ்வது இங்ஙனமே.

2000 முதல் 2019 வரை இந்தியாவிற் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் இறந்தனர் என 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மாற்றுமருந்து நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சையேற்றி, அதன் குருதியில் எழும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அதனை ஆக்குகின்றனர். அதற்கு வேண்டும் நஞ்சைத் தருவோருள் முதன்மையானவர், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். வடநெம்மேலியில் உள்ளது அவர்தம் நிலையம். கடிபட்டவரை நடக்கவிடாது, கடிவாயைக் கீறாது, கட்டி இறுக்காது, 108 என்னும் எண்ணுக்கு அறிவித்து உடனே மருத்துவமனை சேர்த்தலே செய்யத்தக்கது. சாறு பிழிவதிற் கழியும் ஒரு நாழிகை, திரும்பப் பெறமுடியாத நாழிகை. தும்பையை நேசிப்போர் அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றுதல் வேண்டா. உள்ள சிறப்பே அதற்குப் போதும்.

வெளிநிலம் சுருங்குதல்

சென்னைக்கு மேற்கே உள்ள நாடு ஏரிகளின் நாடு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளும், பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்துப் பேரேரியும் அதற்குச் சான்று. ஏரிக்கரையும், மேய்ச்சற்புறம்போக்கும், களத்துமேடும் தும்பைக்கு வீடாயிருந்தன. பூவிருந்தவல்லியோ பூவைத் தன் பெயரிலேயே கொண்ட ஊர். காஞ்சிப் பெருமாளுக்குப் பூ வளர்த்துச் சுமந்துசென்ற திருக்கச்சிநம்பிகளின் ஊர் என வைணவர் போற்றுவது.

1856-இல் இராயபுரத்தினின்று வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. 1961-இல் ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று. இவற்றால் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. நம் மாணவர் பலரின் தந்தையர் அங்கே உழைத்தே மக்களைப் படிக்க வைக்கின்றனர். ஆதலின் ஆலை வந்ததென்று நாம் வருந்துவது நன்றியன்று.

வருந்தத்தக்கது வேறு. ஆலைக்கும் வீட்டுக்கும் வேண்டாத நிலத்தையும் நாம் சும்மா விடுவதில்லை. சாலையோரத்து ஓரடி மண்ணையும் சிமெண்டுக் கல்லால் மூடுகின்றோம். ஆலய வளாகத்திலும் பள்ளி முற்றத்திலும் தானே முளைத்த செடியைக் களையென்று நஞ்சு தெளித்து அழித்து, வேற்றுநாட்டுப் புல்லை விலைக்கு வாங்கி நடுகின்றோம். ஓராண்டுச் செடிக்கு மண்ணில் உள்ள வித்தே அடுத்த தலைமுறை. பூத்து வித்து உதிருமுன் ஆண்டுதோறும் அறுத்தெறிவோமாயின், சில ஆண்டுகளில் அம்மண்ணில் வித்துச் சேமிப்பே ஒழிந்துபோம். அதனோடு தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இருந்த உணவும் ஒழியும். தும்பையினம் உலகினின்று அழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. இந்தியா, இலங்கை முதலாகக் கிழக்குத் தீவுகள் வரை பரந்து வாழ்வது அது. அழியப்போவது, நம் ஊர்ப் பிள்ளை வீட்டினின்று பள்ளிக்குச் செல்லும் வழியில் அதனைக் காணும் பேறு. அதுவும் போனால், தும்பைத்திணை என்பது வெறும் ஒலியாகவே எஞ்சும்.

மாணவர் செய்யத்தக்கது

நண்பர்காள்! இதற்குப் பெருஞ்செலவும் பெருஞ்சங்கமும் வேண்டுவதில்லை. நம் விடுதித்தோட்டத்தின் ஒரு மூலையையோ, வீட்டின் புறக்கடையிற் பத்தடி நிலத்தையோ, ஆலயச் சுற்றுமதிலின் உட்புறத்து ஓரத்தையோ மழைக்காலம் தொடங்கித் தைத்திங்கள் முடியும்வரை வெட்டாது விடுவோமாக. அங்கே முளைப்பனவற்றை எண்ணிப் பெயர் குறிப்போமாக. கரந்தை நன்செய்த் தரிசிலும், உழிஞை எனப்படும் முடக்கொத்தான் வேலியிலும், நொச்சி ஓடைக்கரையிலும் இன்னும் கிடைக்கின்றன. அவற்றைத் தும்பையோடு சேர்த்துத் தமிழ்வகுப்பின் மேசையில் ஒருநாள் வைப்போமாயின், புறத்திணையியல் முழுதும் ஒருநாளில் உயிர்பெறும். தாவர நூல் பயிலும் தோழர் உறுப்புகளைக் காட்டுக. தமிழ் பயிலும் தோழர் துறைகளைக் கூறுக. இருவரும் ஒருவரிடத்து ஒருவர் கற்க.

தும்பை நீண்டநாள் வாழ்வதன்று. ஒரு மழைக்கு எழுந்து ஒரு கோடைக்கு முன் முடிவது. ஆயினும் அக்குறுகிய நாளில் ஈக்குத் தேனும், மண்ணுக்கு வித்தும், புலவர்க்குப் பெயரும், வீரர்க்கு மாலையும் தந்து செல்கின்றது. ஒருநாள் நின்று மறுநாள் எரிவிறகாகும் புல்லையும் இறைவன் அழகுற உடுத்துகின்றான் என்று கேட்டு வளர்ந்த நாம், அவ்வுடையை ஒருமுறையேனும் அருகிருந்து பார்ப்பது தக்கதே. அதற்கு அது நிற்க ஒரு சாண் வெளிநிலத்தை விட்டுவைத்தல் நம் கடமையாகும்.